புகை பிடித்த ஆண்டுகள்

"எத்தனை வருஷமா நடக்குது இது?"

"எது?"

"எதுவா? இந்தா, உன் கையெழுத்துதானே. நல்லாப் பாரு. புகை பிடித்த ஆண்டுகள், இருபத்திரண்டு. நான் இந்தப் பக்கம் என் தங்கச்சி சிகரெட்டை விரலால தொட்டதில்லைன்னு ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியறேன். நீ அந்தப் பக்கம் இருபத்திரண்டு வருஷமா ஊதித் தள்ளியிருக்க."

"மெதுவாப் பேசுங்கண்ணா. வாசல்ல சோடா வண்டி நிக்குது."

"நிக்கட்டும். அவனும் தெரிஞ்சுக்கட்டும்."

சோடா வண்டிக்காரர் ஏற்கனவே தெரிந்துகொண்டுதான் இருந்தார். இறக்க வேண்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாக, கண்ணாடிப் பொருளைக் கையாளும் பக்தியோடு, மிக மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தார்.

காலை ஒன்பது மணி. பார் இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகள் எல்லாம் மேசைகள் மேல் கவிழ்ந்து, இந்தச் சண்டைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலக் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. ஒன்பதாம் மேசைக்கு மேலே தொங்கும் விளக்கின் வெள்ளைக் கண்ணாடிக் குடையை ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்துக்கொண்டிருந்த தங்கை, துணியும் கையுமாகக் கீழே இறங்கினாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறாள். எது நிஜம் என்று தெருவில் இன்னும் தீர்ப்பாகவில்லை. வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ஐஸ் அக்கா. ஐஸ் வைப்பது கிளாசுக்கு மட்டும்தான், மனிதர்களுக்கு வைத்துப் பழக்கமே இல்லை என்பதால் வந்த பெயர்.

படிக்கட்டின் கடைசிப் படியில் அண்ணி நின்றிருந்தாள். வீடு மாடியில், பார் கீழே. ஒன்பது மணிக்கே புருவம் தீட்டி முடித்திருந்தாள். அந்தப் பழுப்புப் பென்சில் இல்லாமல் அண்ணி படியிறங்கி யாரும் பார்த்ததில்லை.

"சட்டைப் பட்டன் தைக்க ஊசி தேடினேன். அவ பையில இருக்கும்னு கையை விட்டேன். இது வந்துச்சு," என்றாள் அண்ணி.

ஊசி தேடுகிறவர்கள் நான்காக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிரித்து முழுசாகப் படிப்பார்களா என்றெல்லாம் நாம் கேட்கக் கூடாது. குடும்பம் என்றால் அப்படித்தான்.

கதையை இன்றைக்குத்தான் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூரையும் சுவரும் உள்ள எந்தப் பொது இடத்திலும், பார் உட்பட, புகை பிடிக்கக் கூடாது என்று நகர சபையில் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது, இன்னும் நிறைவேறவில்லை. தடைக்குப் பதில் இதுவே போதும் என்று காட்ட, போன வாரம் அண்ணன் ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்து தரையில் நீளமாக ஒரு கோடு போட்டார். ஒன்றிலிருந்து நான்காம் மேசை வரை புகைக்கலாம். ஐந்திலிருந்து ஒன்பது வரை கூடாது. கோடு கவுண்டர் வரை வந்து, மேலே எப்படிப் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் ஐஸ் அக்கா எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணனும் யோசிக்கவில்லை.

"அண்ணா, அந்தக் கேள்விக்கு மேல என்ன கேட்டிருக்காங்கன்னு படிங்க."

"பணியிடம், பார். பணி செய்த ஆண்டுகள், இருபத்திரண்டு."

"அடுத்தது புகை பிடித்த ஆண்டுகள். அடுப்புக்கு மேல இருக்கிற சுவரைப் பார்த்து, சுவரெல்லாம் புகை பிடிச்சிருக்குன்னு சொல்றதில்லையா? எத்தனை வருஷமா உன் மேல புகை பிடிச்சிருக்குன்னு கேக்கிறாங்கன்னு நினைச்சேன். உண்மையைத்தானே எழுதணும், எழுதினேன்."

அண்ணன் சீட்டைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"அடிப்பாவி. சுவரும் நீயும் ஒண்ணா?"

"ஒரே இடத்துலதானே நிக்கிறோம்."

அண்ணி சிரிக்கவில்லை.

"டாக்டர் வேற என்ன சொன்னார்னும் கேளுங்க," என்றாள் ஐஸ் அக்கா. "முப்பது வருஷம் பிடிச்சவன் நுரையீரல் மாதிரி இருக்காம். மருந்து அப்புறம், முதல்ல அந்தக் காத்தை விட்டு வெளியே வாங்கன்னார்."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. மழை பெஞ்சாலும் வெளியே போகாதீங்கம்பாங்க."

"இது உள்ளே இருக்காதீங்கன்னு சொல்றாங்க."

அண்ணனின் சிரிப்பு அடங்கியது. நாற்காலி ஒன்றை இறக்கிப் போட்டு உட்கார்ந்தார். கெஞ்சுவதற்கு முன்னால் அவர் உட்காருவது வழக்கம். "இதப் பாரு. இன்னிக்கு மூணு மணிக்கு சபையில மக்கள் கருத்துக் கேக்கிறாங்க. நம்ம பார் சங்கத்து மனுவுல உன்னைப் பத்தித்தான் முதல் பாராவே. புகையே பிடிக்காத பெண், இருபத்திரண்டு வருஷமா பார்ல நிக்கிறாங்க, ஒரு தும்மல்கூட இல்லைன்னு."

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"உன்னைப் பத்தி எழுத யாரைக் கேக்கணும்?"

இந்த ஒரு வாக்கியத்தை ஐஸ் அக்கா நின்றபடி கொஞ்ச நேரம் மென்றாள். விழுங்க முடியவில்லை.

"நீ ஒண்ணும் பேச வேணாம். முன் வரிசையில உக்காரு. அரை மணி நேரம் இருமாம இருந்தாப் போதும்," என்றார் அண்ணன்.

"சீட்டைக் குடுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் முதல்ல அந்த வார்த்தையைத் திருத்திட்டு வரேன்."

"குடுங்க, நான் ஒரு கவர்ல போட்டுத் தரேன். கசங்கிடும்," என்று சீட்டை வாங்கிக்கொண்டு அண்ணி மாடிக்குப் போனாள். கவர் தேட அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் வண்டிக்காரர்கூடப் பெட்டிகளை இறக்கி முடித்துவிட்டார்.

ஐஸ் அக்கா கையில் இருந்த துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல், கோபத்தில் அதையும் தன் கைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

*

ஆஸ்பத்திரியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு நர்ஸ். முன்னால் பதினோரு பேர். ஐஸ் அக்காவின் முறை வந்தபோது மணி பன்னிரண்டரை.

கவரிலிருந்து சீட்டை எடுத்தபோதுதான் கவனித்தாள். 'இருபத்திரண்டு' என்ற இடத்துக்கு அடியில் பழுப்பு நிறத்தில் தடிமனாக ஒரு கோடு. காலையில் அது இல்லை. அண்ணன் எதையாவது கிறுக்கியிருப்பார் என்று விட்டுவிட்டாள்.

"இதைத் திருத்தணும்மா. நான் பிடிக்கிறதில்லை."

"நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"கேள்வி தப்பாப் புரிஞ்சிடுச்சு."

"புகை பிடித்த ஆண்டுகள். இதுல புரியாம இருக்க என்ன இருக்கு?" நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு ஒரு தரம் சுருங்கி விரிந்தது. "உங்க தலைமுடி, சேலை எல்லாமே சொல்லுதேம்மா. விட்டுட்டேன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். பிடிக்கவே இல்லைன்னு சொல்லாதீங்க."

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள் அவள். இரண்டு முறை ஷாம்பு போட்டவள். வரிசையில் பின்னால் இருந்த இருவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். நாற்பத்தாறு வயதில், செய்யாத தப்புக்கு, வாயை ஊதிக் காட்டச் சொல்வார்களோ என்று பயந்து நிற்கும் நிலை. ஊதுகிறவன் எல்லாம் ஊதிவிட்டு, முகம் கழுவி, வாசனைப் பாக்கு போட்டுக்கொண்டு ஒழுக்கமாக வீட்டுக்குப் போகிறான். பட்டம் மட்டும் இவளுக்கு.

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. நானா மாத்த முடியாது," என்று நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். "கூடப் பிறந்தவங்க, பெத்தவங்க, யாராவது ஒருத்தர் இவங்க புகை பிடிக்காதவங்கன்னு சாட்சிக் கையெழுத்து போட்டுத் தரணும்."

"என் வாயால சொன்னாப் போதாதா?"

"உங்க வாயைத்தானேம்மா சந்தேகப்படறோம்."

பெற்றவர்கள் இல்லை. கூடப் பிறந்தது ஒரே ஒருவர். படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். ஊர் முழுக்க அதைத்தானே சொல்லிக்கொண்டு திரிகிறார், ஒரு கையெழுத்து போடுவதற்கு என்ன என்று அவளுக்கு அப்போது தோன்றியது. பாவம்.

*

சபைக் கூடத்தில் மூன்று மணிக்கே உட்கார இடமில்லை. இத்தனை பேரும் நகரத்தின் நலனில் அக்கறை கொண்டவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பாதிப் பேர் வாதத்தைக் கேட்க வந்தார்கள், பாதிப் பேர் யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்தார்கள்.

முதலில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எழுந்தார். "என் நுரையீரல், என் இஷ்டம். சபைக்கு அங்கே என்ன வேலை?" என்றார். கைதட்டல். அடுத்து ஒரு ஓட்டல் பணியாளர், "உங்க நுரையீரல் உங்க இஷ்டம் சார். ஊதினதை வெளியே விடாம உள்ளேயே வச்சுக்கிட்டா எங்களுக்கும் ஆட்சேபணை இல்லை," என்றார். இதற்கும் கைதட்டல், அதே கைகள்.

பிறகு பார் உரிமையாளர் சங்கச் செயலாளர் எழுந்தார். ஊரில் அவருக்கு லைட்டர் என்று பெயர். யார் வாயில் சிகரெட் வைத்தாலும் ஓடி வந்து பற்ற வைப்பார். தான் மட்டும் தொட மாட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் சொல்லி நிறுத்திவிட்டார். அடுத்தவர்களுக்குப் பற்ற வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது. அவர் மகனுக்கு ஐஸ் அக்காவின் அண்ணன் மகளைக் கேட்டிருக்கிறார்கள். பேச்சு முக்கால்வாசி முடிந்த நிலை. அண்ணி அவருக்கு மூன்று வரிசை பின்னால், மாம்பழ நிறப் பட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"புகை பிடிக்காதவங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காரலாம். அதுவும் பிடிக்கலையா, கதவு இருக்கு, வெளியே போகலாம்," என்றார் லைட்டர். "இதோ முன் வரிசையில ஒரு அம்மா. சிகரெட்டையே தொடாதவங்க. இருபத்திரண்டு வருஷமா பார்ல நிக்கிறாங்க. ஒரு தும்மல்கூட..."

ஐஸ் அக்கா அடக்கித்தான் பார்த்தாள். அண்ணனுக்காக நிஜமாகவே அடக்கினாள். ஆனால் இருமலுக்கு மனுவைப் படிக்கத் தெரியாது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, கண்ணில் நீர் வரவழைத்து, ஒரு நிமிஷம் நின்று ஆடிவிட்டுப் போனது. 

கூட்டத் தலைவி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்னம்மா உடம்புக்கு?"

ஐஸ் அக்கா எழுந்தாள். "தும்மல் இல்லைங்க. அவர் சொன்னது சரிதான். எனக்கு இருமல்தான்."

சிரிப்பு. அது அடங்கியதும் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். "கதவு இருக்குன்னார். கதவு வாடிக்கைக்காரங்களுக்கு. எனக்குக் கவுண்டர்தான். நான் வெளியே போனா கிளாஸை யார் நீட்டுவாங்க?"

லைட்டர் பதறவில்லை. அதுதான் விசேஷம். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நிதானமாகப் பிரித்தார். "இப்படி வரும்னு தெரியும். இதோ இவங்க ஆஸ்பத்திரிச் சீட்டோட நகல். இவங்களே எழுதினது. புகை பிடித்த ஆண்டுகள், இருபத்திரண்டு. தானே பிடிச்சுட்டு, பழியை எங்க பார் மேல போடறாங்க."

கூடத்தில் ஒரு சலசலப்பு. தலைவியின் கைக்குப் போன தாளை ஐஸ் அக்கா எட்டிப் பார்த்தாள். போனில் படமெடுத்து அச்சிட்ட கலர் நகல். இருபத்திரண்டுக்கு அடியில் அதே பழுப்புக் கோடு. காலையில் கவர் தேடிய கால் மணி நேரம் அவள் ஞாபகத்துக்கு வந்தது. மூன்று வரிசை பின்னால் திரும்பினாள். அண்ணி தன் கைவிரல் நகங்களில் ஏதோ அவசர வேலையாக இருந்தாள். புருவம் இரண்டும் மிக ஒழுங்காக, மிகப் பழுப்பாக இருந்தன.

"இவங்க அண்ணன் இங்கேதானே இருக்கார்? அவர் சொல்லட்டும்," என்றார் தலைவி. "உங்க தங்கை புகை பிடிப்பாங்களா, மாட்டாங்களா?"

அண்ணன் எழுந்தார்.

மாட்டாள் என்றால் இருமலுக்குக் காரணம் பார். பிடிப்பாள் என்றால் தங்கை பொய்க்காரி. இந்தப் பக்கம் கடை, சங்கம், சம்பந்தி. அந்தப் பக்கம் காலையில் அவரே விழுந்து விழுந்து சிரித்த ஒரு வார்த்தை. அவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

"தெரியலைங்க," என்றார். "ஒரே வீட்டுல இருந்தாலும், ஒருத்தர் மனசுல, பையில என்ன இருக்குன்னு நாம எங்க கண்டோம்."

பிடிப்பாள் என்று சொல்லியிருந்தால்கூட ஐஸ் அக்கா சண்டை போட்டிருப்பாள். தெரியலை என்பவரிடம் எதைப் பிடித்துச் சண்டை போடுவது? சளி பிடித்தால் மூக்கை அவர் சட்டையில் துடைத்து வளர்ந்தவள். அவர் முதன்முதலில் கடை போட்டபோது, நீ கூட நின்னா எனக்குத் தைரியம் என்றவர். நின்றாள். இருபத்திரண்டு வருஷம்.

"என் பையில என்ன இருக்குன்னு நான் காட்டறேங்க," என்றாள்.

கைப்பையைத் திறந்து காலையில் திணித்த துணியை எடுத்து உதறினாள். வெள்ளைத் துணி. பாதி வெள்ளை, மீதி பழைய டீத்தூளைப் பிழிந்தது போன்ற பழுப்பு. முன் வரிசையில் இருந்தவர்கள் நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"எங்க கடையில ஒன்பதாம் மேசை. மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், கடைசி மேசை. அங்கே யாரும் பத்த வைக்கிறதில்லை. அதுக்கு மேல தொங்கற விளக்கை இன்னிக்குக் காலையில துடைச்சேன். கை எட்டாத உயரம், அதனால வருஷத்துக்கு ஒரு தடவைதான் துடைப்பேன். இது ஒரு வருஷத்து அழுக்கு." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்குப் புகை பிடிச்ச மாதிரியே அந்த விளக்குக்கும் பிடிச்சிருக்கு. செயலாளர் அய்யா, அதுக்கு யார் பத்த வச்சாங்க? நீங்களா?"

கணக்கு வாத்தியார்தான் முதலில் சிரித்தார். அப்புறம் தன் சட்டைப் பையில் இருந்த பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

சிரிப்பு வேறு, பதிவு வேறு. தலைவி மணியை அடித்தார். "நீங்க சொல்றது மனசுக்குப் படுதும்மா. ஆனா ஆவணம் ஆவணம்தான். ஆஸ்பத்திரிச் சீட்டைத் திருத்தி எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க பேச்சைக் குறிப்புல சேர்க்க முடியாது."

துணி சேரவில்லை, இருமல் சேரவில்லை. அண்ணனின் 'தெரியலை' மட்டும் நான்கெழுத்தும் பிசகாமல் குறிப்பில் ஏறியது.

தீர்மானம் அடுத்த வாரமே நிறைவேறியது. ஓட்டல்களில் தடை. காத்திருப்புக் கூடங்களில் தடை. சபைக் கூடத்தின் வராந்தாவில்கூடத் தடை. பார்களுக்கு மட்டும், அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பாதிப்பு இருப்பதாக எந்தப் பதிவும் இல்லாததால், ஒரு வருஷம் விலக்கு. வருஷ முடிவில் மறுபடி பரிசீலனை. பதிவு இல்லாமல் போனது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மஞ்சள் கோட்டுக்கு அண்ணன் இன்னொரு பூச்சுக் கொடுத்தார்.

*

ஐஸ் அக்கா அந்த வாரமே ஒரு பெட்டி, ஒரு மின்விசிறி, ஒரு ஜாடிச் செடியோடு இரண்டு தெரு தள்ளிப் புத்தகம் பைண்டு செய்யும் கடையின் மாடி அறைக்குக் குடிபோனாள். சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. போகும்போது அண்ணியின் மேசையில் ஒரு புதுப் பழுப்புப் பென்சிலை வைத்துவிட்டுப் போனாள் என்று வீடு துடைக்கிற அம்மா சொல்கிறாள். அண்ணி அதை இதுவரை சீவவில்லையாம். கவுண்டருக்குப் பின்னால் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள். அவளுக்கு இன்னும் இருமல் வரவில்லை.

எட்டாம் மாதம் அண்ணன் மகளுக்கும் லைட்டர் மகனுக்கும் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். "அத்தை வராம நான் கையெழுத்து போட மாட்டேன்," என்று பெண் பிடிவாதமாக நின்றதால் ஐஸ் அக்கா வந்தாள். ஓரமாக நின்றாள். லைட்டர் வந்து, "என்னம்மா, உடம்பு தேவலையா?" என்று குழைந்தார். "வெளிக்காத்து நல்லா இருக்குங்க," என்றாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டார்கள். பதிவாளர் பதிவேட்டைத் திருப்பி வைத்து, "பெண் வீட்டுச் சாட்சி," என்றார். அண்ணன் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. சுற்றிலும் பார்த்தார். இத்தனை பேரில், பழக்கதோஷம், அவர் கை தங்கையின் பக்கம்தான் நீண்டது.

ஐஸ் அக்கா பேனாவைக் கொடுத்தாள். மூடி மட்டும் அவள் கையில் இருந்தது.

அண்ணன் குனிந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, பொறுமையாகக் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. சின்ன வயதில் அவள் பள்ளிக்கூட அறிக்கைகளில் அப்பாவுக்குப் பதிலாக அவர்தான் போட்டுக் கொடுப்பார், அப்போதிருந்தே அழகு.

"அவ்வளவுதானா? வேற எங்கேயாவது போடணுமா?" என்று பேனாவோடு நிமிர்ந்தார்.

பதிவாளரிடம் கேட்டதுதான். ஆனால் பதில் சொல்லும் முன் பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். ஐஸ் அக்காவின் கைப்பை திறந்திருந்தது. நான்காக மடித்த அந்தச் சாட்சிப் படிவம், எட்டு மாதமாக அதே மடிப்பில், வெளியே வந்தது.